கிட் கார், மாடிஃபைடு ஜீப், பழைய அம்பாசடர்... வழியில் நின்றால் ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’ வருமா? எதைப் பார்த்து எடுக்க வேண்டும்?

ராத்திரி ஒன்பதரை மணி. கடலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனை முடித்துவிட்டு, பாகூர் வழியாக வில்லியனூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. பின்சீட்டில் அம்மா, தூங்கும் குழந்தை. ‘அதான் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கே’ என்ற தைரியத்தில் போன் போடுகிறீர்கள்.

“வண்டி என்ன மாடல் சார்?”

“ஜீப்புங்க. பழைய ஜீப்பை ரீபில்டு பண்ணது.”

“கம்பெனி பேரு, மாடல் வருஷம் சொல்லுங்க சார்.”

“பாடி ஒரு கம்பெனி, இன்ஜின் வேற கம்பெனி...”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்.”

அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் நீளும் என்பது, அந்தத் திட்டத்தை வாங்கும்போது நீங்கள் என்னென்ன கேட்டு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஷோரூமில் இருந்து வந்த காருக்கு இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பிரித்துச் சேர்த்த வண்டிக்கு அப்படியில்லை.

கிட் கார் என்றால் என்ன?

சேஸிஸ், பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். இன்ஜினை வேறு ஒரு காரில் இருந்து எடுப்பார்கள். வீட்டு ஷெட்டிலேயே பூட்டி முடித்துவிடலாம். இதுதான் கிட் கார். பிரிட்டனில் இது பழைய பொழுதுபோக்கு. 1957இல் வந்த ‘லோட்டஸ் செவன்’ காரின் வாரிசான ‘கேட்டர்ஹாம் செவன்’ இன்றும் அங்கே கிட்டாகக் கிடைக்கிறது. பூட்டி முடித்த காரை அரசு ஆய்வாளர்கள் தனியாகச் சோதித்து ஒப்புதல் கொடுத்தால் ரோட்டில் ஓட்டலாம்.

வீட்டில் பூட்டிய ஒற்றைக் காரைச் சோதித்து நம்பர் கொடுக்கும் அப்படி ஒரு சுலபமான வழி நம் நாட்டில் இல்லை. இங்கே எந்த மாடலும் விற்பனைக்கு வரும் முன் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையம் ஒன்றில் பாஸாக வேண்டும். அந்தச் செலவு தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த தத்தாத்ரேய லோகர் கதை பலருக்கு நினைவிருக்கும். பழைய உதிரிபாகங்களைச் சேர்த்து, பைக் மாதிரி உதைத்து ஸ்டார்ட் பண்ணும் குட்டி ஜீப் ஒன்றை அவர் செய்தார். 2021 டிசம்பரில் அந்த வீடியோவைப் பகிர்ந்த ஆனந்த் மஹிந்திரா, விதிகளுக்கு உட்படாத வண்டி என்பதால் அதிகாரிகள் இன்றோ நாளையோ தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலிரோ தருவதாக அறிவித்தார். அடுத்த மாதமே பொலிரோ வந்து சேர்ந்தது. ஊரே பாராட்டிய அந்த ஜீப்பாலும் ரோட்டில் ஓடுவதற்கான அனுமதியை மட்டும் வாங்க முடியவில்லை.

ஆக, நம் பக்கத்தில் ‘கிட் கார்’ என்றால் நடைமுறையில் இவைதான்: பழைய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டிய ஜீப், இன்ஜின் மாற்றிய அம்பாசடர் அல்லது பத்மினி, கேஸ் கிட் போட்ட கார், பேட்டரிக்கு மாற்றிய பழைய கார்.

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரமும் ஆர்.சி.யில் உள்ள விவரமும் ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

எல்லா மாற்றமும் குற்றமில்லை. ஒப்புதல் பெற்ற சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டையோ மின்சாரக் கிட்டையோ அங்கீகாரம் உள்ள இடத்தில் பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிந்தால் போதும். இன்ஜினை மாற்றுவதாக இருந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும்.

50 ஆண்டைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார் வைத்திருப்பவர்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான தேவைகளுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறோம்? உதவிக்கு வருபவர் முதலில் பார்ப்பது நம்பர் பிளேட்டையும் ஆர்.சி.யையும்தான். பதிவில் டீசல் என்று இருந்து பானெட்டுக்குள் பெட்ரோல் இன்ஜின் இருந்தால், திட்டத்தில் பதிவான வண்டி இது இல்லை என்று சொல்லி அவர்கள் கைவிரிக்க இடமிருக்கிறது. மடியில் கனமில்லை என்றால்தான் வழியில் பயமில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கே, அது போதாதா?

போதாது. பலரும் ஏமாறுகிற இடம் இது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, விபத்தால் வரும் சேதத்துக்குத்தான். தானாக வரும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறு அதில் விலக்கு. தனியார் காரை இழுத்துப்போகும் செலவுக்கு வழக்கமான பாலிசி வாசகத்தில் உள்ள தொகை ஒரு விபத்துக்கு ரூ.1,500 மட்டுமே. அதுவும் விபத்து நடந்தால்தான். ஃபேன் பெல்ட் அறுந்து நின்றால் அந்தக் காசும் கிடையாது.

எனவே ரோடுசைடு அசிஸ்டன்ஸைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதில் மூன்று வழி இருக்கிறது.

*பாலிசியோடு சேரும் ஆட்-ஆன்:* பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் ‘ஓன் டேமேஜ்’ உள்ள பாலிசியில்தான் பொதுவாக இதைச் சேர்ப்பார்கள். பழைய வண்டிதானே என்று வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். 2014இல் தயாரிப்பு நின்ற அம்பாசடர் அதற்கு நல்ல உதாரணம்.

*கார் கம்பெனியின் திட்டம்:* பிரித்துச் சேர்த்த வண்டிக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

*தனி நிறுவனங்களின் ஆண்டுச் சந்தா:* தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வழி. பழைய வண்டியைச் சேர்ப்பார்களா, எத்தனை வயது வரை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. என் வண்டியை, இருக்கிற நிலையிலேயே ஏற்பீர்களா? மாற்றங்களைப் பட்டியல் போட்டு, போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். “பண்ணிடலாம் சார்” என்று போனில் சொல்வது கணக்கில் வராது. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2. வண்டிக்கு வயது வரம்பு உண்டா? ஆர்.சி.யில் உள்ள ஆண்டுதான் கணக்கு. நீங்கள் போன வருஷம் புதுசாகக் கட்டியிருந்தாலும், ஆர்.சி. 1989 என்றால் அது 1989 வண்டிதான்.

3. எந்த ஒர்க்‌ஷாப்புக்கு இழுப்பீர்கள்? பல திட்டங்களில் ‘அருகில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்’ என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு அப்படி ஒரு ஒர்க்‌ஷாப்பே கிடையாது. அதைக் கட்டிய மெக்கானிக் வில்லியனூரில் இருக்கலாம், சென்னை புதுப்பேட்டையிலும் இருக்கலாம். ‘நான் சொல்லும் இடத்துக்கு’ என்று திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. எத்தனை கி.மீ. இலவசம்? அது ஒருவழியா, இழுவை வண்டி கிளம்பும் இடத்தில் இருந்து கணக்கா? பாகூரில் இருந்து புதுச்சேரி நகரம் சுமார் 20 கி.மீ.தான். சென்னைக்கு 150 கி.மீ.க்கு மேல். மிச்சத் தூரத்துக்கு கி.மீ.க்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

5. பிளாட்பெட் வருமா? நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரிதான் பிளாட்பெட். முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்தால், பின்சக்கரத்தில் ஓடும் அம்பாசடர், ஜீப் போன்ற வண்டிகளில் கியர்பாக்ஸும் சேர்ந்து சுற்றும். நீண்ட தூரம் என்றால் கியர்பாக்ஸ் பாழாகலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும், பேட்டரி வண்டிக்கும், தாழ்வான காருக்கும் பிளாட்பெட்தான் பாதுகாப்பு.

6. வருஷத்துக்கு எத்தனை முறை? பஞ்சர், பேட்டரி ஜம்ப் ஸ்டார்ட், எரிபொருள், இழுவை எல்லாம் ஒரே கணக்கா, தனித்தனியா? வாங்கிய எத்தனை நாள் கழித்துச் சேவை தொடங்கும்?

7. என் ஊருக்கு வருவீர்களா? ‘இந்தியா முழுவதும்’ என்ற விளம்பர வரியை நம்பாதீர்கள். பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள்.

வில்லியனூர், பாகூரில் என்ன தனிச் சிக்கல்?

புதுச்சேரியின் எல்லை ஒரே கோடாக ஓடுவதில்லை. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் பத்து நிமிஷம் ஓட்டினாலே தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்துவிடலாம். வில்லியனூர் பின்கோடு 605110. பாகூருடையது 607402. 607 என்பது கடலூர் வரிசை. எங்கோ உட்கார்ந்திருக்கும் கால் சென்டர்க்காரர் இதைப் பார்த்துவிட்டுக் கடலூர் ஆளுக்கு வேலையைத் தள்ளுவார். அவர் “அது பாண்டிச்சேரி ஏரியாங்க” என்று திருப்பி அனுப்பினால் நடுவில் நிற்பது நீங்கள்தான். வில்லியனூர் என்று சொன்னால் விழுப்புரம் என்று காதில் விழவும் வாய்ப்புண்டு. ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் லைவ் லொக்கேஷனை அனுப்புங்கள். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பெயரையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, ‘நகர எல்லையில் இருந்து இத்தனை கி.மீ.க்குள்’ என்ற நிபந்தனை. வில்லியனூர் தப்பித்துவிடும். கிருமாம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே உள்ள கிராமங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டே ஆக வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033க்கு அடிக்கலாம். விழுப்புரம் – புதுச்சேரி சாலையும் புதுச்சேரி – கடலூர் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள்தான். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது. ஆனால் வயல் நடுவே போகும் கிராமச் சாலை அதில் வராது.

மழைக்காலம் வேறு கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கக் கிராமங்களைச் சூழ்ந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ‘ஒரு தடவை பாத்துடலாம்’ என்று ஸ்டார்ட் பண்ணக் கூடாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வண்டியை இழுத்துப்போவதோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸின் வேலை முடிந்தது. இன்ஜின் செலவு வேண்டுமென்றால் ‘இன்ஜின் புரொடெக்ட்’ தனியாக இருக்க வேண்டும். மாற்றிய இன்ஜினுக்கு அது கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். புயல், வெள்ள நாளில் சேவை தாமதமாகலாம், நிற்கவும் செய்யலாம் என்று பல திட்டங்களின் நிபந்தனையிலேயே இருக்கும்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

உதவிக்கு வரும் பையன் சாதாரணக் கார்களைப் பார்த்துப் பழகியவர். உங்கள் வண்டியின் ஒயரிங் அவருக்குப் புதிர். அதனால் கையெழுத்தில் ஒரு தாள் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள்: இன்ஜின் எந்த மாடலுடையது, பேட்டரி எங்கே, ஃபியூஸ் பெட்டி எங்கே, இழுவைக் கொக்கியை எங்கே மாட்டலாம், கட்டிய மெக்கானிக்கின் நம்பர். கூடவே ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றில் ஒவ்வொரு ஸ்பேர். பழைய பெட்ரோல் இன்ஜின் என்றால் பாயின்ட், கண்டன்சர். டார்ச், சிவப்பு முக்கோணப் பலகை.

வரவே இல்லை என்றால்?

போன் பண்ணிய நேரம், புகார் எண், வந்த எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெளியே வண்டி பிடித்தால் பில் வாங்குங்கள். அதன் பிறகு புகார் எங்கே போகும் என்பது, நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன் என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவு. பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளம் அல்லது 155255. அடுத்து சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளர். புதுச்சேரியும் காரைக்காலும் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. கட்டணம் இல்லை. இன்ஷூரன்ஸ் அல்லாத தனி நிறுவனத்தின் சந்தா என்றால் இந்த வழி கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன் பிறகு நுகர்வோர் ஆணையம். இரண்டில் எதை வாங்குவது என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக எதை எடுப்பது?

ஆர்.சி. சரியாக இருந்து, ஓன் டேமேஜ் பாலிசியும் கிடைத்தால், மாற்றங்களைச் சொல்லி ஆட்-ஆன் எடுப்பதுதான் முதல் தேர்வு. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், பிளாட்பெட்டும் ‘நான் சொல்லும் ஒர்க்‌ஷாப்’ என்ற வசதியும் உள்ள தனிச் சந்தா. ஆர்.சி.யே சரியில்லை என்றால் எந்தத் திட்டத்துக்கும் காசு கட்டாதீர்கள். அந்தக் காசை முதலில் ஆர்.சி.யைச் சரிசெய்யச் செலவழியுங்கள்.

எதை எடுத்தாலும், உங்கள் கொம்யூனிலேயே பிளாட்பெட் வைத்திருக்கும் ஒருவரின் நம்பரை மெக்கானிக்கிடம் கேட்டு இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். “அண்ணே, ராத்திரியில கூப்பிட்டா வருவீங்களா? பாகூருக்கு எவ்ளோ?” என்று பகலிலேயே பேசி வைத்தால், ஏரிக்கரை இருட்டில் பேரம் பேச வேண்டியிருக்காது.