எல்லாமே 'காம்ப்ளிகேட்டட்' அல்ல! திருச்செந்தூர் கடலோரம் கற்றுத்தரும் ஆங்கிலச் சொற்கள்

வேலைக்கான இன்டர்வியூ. "நீங்கள் சந்தித்த சிக்கலான சூழ்நிலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். பலருக்கும் சட்டென வாயில் வருவது, 'வெரி காம்ப்ளிகேட்டட் சார்'. அதற்கு மேல் வார்த்தை நகராது.

நாம் 'சிக்கல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலம் ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருச்செந்தூர் வட்டாரத்தை வைத்தே அவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

ராக்கெட்டும் முத்தும்

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ராக்கெட் என்பது 'காம்ப்ளிகேட்டட்'. பாகங்கள் ஏராளம். ஆனால், எது எங்கே பொருந்தும் என்பதற்கு வரைபடம் உண்டு. தெரிந்தவர்கள் படிப்படியாகச் செய்து முடிக்கலாம்.

முத்துக்குளிப்பு 'காம்ப்ளெக்ஸ்'. தூத்துக்குடிக் கடலில் அது கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பி பெருகுவது நீரோட்டம், சிப்பியைத் தின்னும் உயிரினங்கள், மனிதர்கள் அள்ளிய அளவு எனப் பலவற்றைப் பொறுத்தது. ஒன்று மாறினால் மற்றவையும் மாறும். இதற்கு வரைபடம் கிடையாது.

வலையும் சங்கும்

* டாங்கிள்ட்: பின்னிக்கொண்ட மீன்வலை. பொறுமையாக எடுத்தால் பிரிந்துவிடும். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்துக் கணக்குக்குப் பொருந்தும்.
* நாட்டி: இறுகிய முடிச்சு. எளிதில் விடை கிடைக்காத கேள்விக்குச் சொல்வது. குறும்பைக் குறிக்கும் 'நாட்டி' வேறு. இதன் ஸ்பெல்லிங்கில் முதலில் ஒலிக்காத 'கே' எழுத்து வரும்.
* கன்வல்யூட்டட்: சங்கின் சுழல்போலச் சுற்றிச் சுற்றிப் போவது. தலைசுற்ற வைக்கும் விண்ணப்ப நடைமுறையைக் குறை சொல்ல ஏற்றது.
* இன்ட்ரிகேட்: கோயில் சிற்பம்போல நுணுக்கமானது. பெரும்பாலும் பாராட்டு.

கடைசி இரண்டில் கவனம் தேவை. ஒருவருடைய நுணுக்கமான திட்டத்தை 'கன்வல்யூட்டட்' என்றால், பாராட்ட நினைத்தது திட்டாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் பதறாதீர்கள்

டாக்டர் 'காம்ப்ளெக்ஸ் சர்ஜரி' என்றால், ஆபரேஷன் இயல்பிலேயே நுட்பமானது என்று பொருள். ஏதோ தவறிவிட்டது என்பதல்ல. 'காம்ப்ளிகேஷன்' என்பது நோயாலோ சிகிச்சையாலோ புதிதாக வரும் பாதிப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வீடே கலங்கிப்போகும். சந்தேகம் வந்தால், "தமிழில் சொல்லுங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மறுபடியும் இன்டர்வியூ

சரக்கு தாமதம், பில்லில் தவறு, வாடிக்கையாளரின் கோபம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதா? 'டாங்கிள்ட்' என்று தொடங்குங்கள். முதலில் எந்த இழையைப் பிரித்தீர்கள் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். கேட்பவருக்குச் சிக்கலும் புரியும், உங்கள் திறமையும் புரியும்.

நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. நம்மிடம் சொல் வாங்க அவர்கள் கூச்சப்படவில்லை. நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?