கூரை, கூலி, கோல்!

மந்தைவெளியில் தெருமுனைக் கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கியை இறக்கிக் கொண்டிருந்த நேரம். தேநீர்க் கடை ஓரத்தில் நின்றிருந்த தோழர் ஒருவர், அச்சகத் தொழிலாளி, என்னை மடக்கினார்.

"மூடநம்பிக்கையை மேடையிலே வெளுத்து வாங்குகிறீர்கள். அதே மூச்சில் மிஷன் ஆஸ்பத்திரியையும் கன்னியர் விடுதியையும் பாராட்டுகிறீர்கள். கோயிலுக்கு ஒரு நாக்கு, மாதாகோயிலுக்கு ஒரு நாக்கா?"

சுருக்கென்று தைத்தது கேள்வி. தைக்கவேண்டிய கேள்விதான்! மழுப்பிவிட்டு நகர்வது நம் வழக்கமல்ல. அந்தத் தோழருக்கு அன்றிரவு அரைகுறையாகச் சொன்னதை, இன்று எல்லாத் தோழர்களுக்கும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

தோழர்களே! நாம் நிறுத்துப் பார்ப்பது வேதத்தை அல்ல, வேலையை! யார் பெயரைச் சொல்லிச் செய்தான் என்பது இரண்டாவது கேள்வி. யாருக்குச் செய்தான், செய்ததன் விளைவு என்ன, இதுதான் முதற்கேள்வி. திக்கற்ற ஒரு பெண்ணுக்குத் தேவை மூன்று. தலைக்கு மேலே கூரை, கைக்கு நேர்மையான கூலி, தன் வாழ்வையும் தன் ஊரையும் தானே நடத்தும் கோல். கூரை மட்டும் கொடுத்தால் அது சத்திரம். கூலியும் சேர்ந்தால் அது பட்டறை. கோலையும் கையிலே கொடுத்தால்தான் அது விடுதலை! இந்த மூன்று படிக்கற்களைத் தராசிலே வைத்து, கடல் கடந்து வந்த மிஷன்காரர்களை நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் கூரை.

திருநெல்வேலிச் சீமையிலே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலே இருக்கிறது டோனாவூர். நிலம் நம்முடையது, பெயர் மட்டும் அயலானுடையது. அங்கே தேவாலயம் கட்டப் பொருள் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தனர். அந்த ஊரை உலகறியச் செய்தவர் எமி கார்மைக்கேல். 1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், அதன்பின் பிறந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை.

1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பிரீனா என்பது பெயர், எமி தங்கியிருந்த பண்ணைவிளையிலே வந்து தஞ்சம் புகுந்தாள். எங்கிருந்து வந்தாள்? கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கென வளர்க்கப்பட்ட வீட்டிலிருந்து! அதற்கு முன்னரும் ஒருமுறை தப்பித் தன் தாயிடமே ஓடியிருந்தாள். தாய் என்ன செய்தாள்? தெய்வக் குற்றத்துக்கு அஞ்சி, பெற்ற மகளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். ஓடிய குற்றத்துக்குத் தண்டனையாகச் சிறுமியின் கையிலே சூடு!

பெற்றவள் கைவிட்ட பிள்ளையை, பாஷை தெரியாத நாட்டுக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்ட ஒருத்தி மடியிலே ஏந்தினாள். கொடுமை அந்தத் தாயின் நெஞ்சிலே இல்லை தோழர்களே, அவளை அஞ்ச வைத்த அமைப்பிலே இருந்தது! அதைத்தானே நாம் காலமெல்லாம் சொல்லி வருகிறோம்?

ஒரு பிரீனாவுக்குக் கிடைத்த கூரை பலருக்கும் விரிந்தது. 1913ஆம் ஆண்டளவில் 130 பெண் குழந்தைகள் டோனாவூரில் இருந்தனர். 1918 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் இடமளித்தனர். 'பிள்ளை பிடிக்கிறாள் வெள்ளைக்காரி' என்று தூற்றினர். ஆள்கடத்தல் என்று வழக்கு மிரட்டலும் வந்தது. அசையவில்லை அந்த அம்மையார். 1931இல் கீழே விழுந்து காயமுற்றுப் படுக்கையிலானார். இருபது ஆண்டுகள் படுத்த படுக்கையிலிருந்தே எழுதினார், நடத்தினார். 1951 சனவரியில் மறைந்தார். தன் புதைகுழிக்குக் கல் நடவேண்டாம் என்று சொல்லிச் சென்றவர் அவர். பிள்ளைகள் என்ன செய்தனர் தெரியுமோ? பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டியை அங்கே வைத்து, 'அம்மை' என்று ஒரே ஒரு சொல்லைப் பொறித்தனர். பட்டங்கள் பத்து போடும் நமது சுவரொட்டிகளை எண்ணிப் பார்க்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது!

அடுத்து கூலி.

இன்னும் தெற்கே வாருங்கள், நாகர்கோவிலுக்கு. அன்று அது திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்த ஊர். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் தோளிலே சீலை போடக்கூடாது என்று கட்டளையிட்ட நாடு அது. மனிதனை மனிதன் அடிமையாக விலைக்கு விற்ற நாடு அது. அங்கே 1820ஆம் ஆண்டையொட்டி, இலண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமாரின் மனைவியர், மீடு அம்மையாரும் மால்ட் அம்மையாரும், பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினர். எழுத்தோடு சேர்த்து ஒரு தொழிலையும் கற்பித்தனர். நூலிலே பின்னும் லேஸ் வேலை!

பூ வேலைதானே என்று எளிதாக எண்ணிவிடாதீர். அந்தச் சிறுமிகளில் அடிமைகளாய் இருந்தவர்கள், லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றனர்! தன் விரலால் உழைத்துத் தன் விலங்கை ஒடித்தாள் ஒருத்தி என்றால், பாட்டாளித் தோழர்களே, அதைவிடப் பெரிய தொழிற்சங்கப் பாடம் வேறுண்டோ? அந்நாட்டிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு பணிந்து அறிவித்தது 1859 சூலையில்தான். சட்டம் வருமுன்னே சம்பாத்தியம் வந்தது. சம்பாத்தியமும் படிப்பும் வந்ததால், சீலையை இழுத்துக் கிழித்தவனை எதிர்த்து நிற்கும் துணிவும் வந்தது.

மூன்றாவது கோல். இதுதான் உரைகல்.

திண்டிவனத்திலே ஓர் இரவு. அமெரிக்க மிஷன் டாக்டர் ஜான் ஸ்கடரின் பங்களா. வேலூரை அடுத்த இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அமெரிக்காவிலே படித்துவிட்டு வந்திருந்த மகள் ஐடா அங்கே இருந்தாள். இவளது பாட்டனார் 1819இலேயே யாழ்ப்பாணம் வந்து மருத்துவம் செய்தவர். பேத்திக்கோ மிஷன் வேலையே வேண்டாம், ஊர் திரும்பவேண்டும் என்ற நினைப்பு. அன்றிரவு ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்றுங்கள் என்றனர். 'நான் டாக்டர் இல்லை, என் தந்தையை அழைத்துப் போங்கள்' என்றாள் ஐடா. ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர். மூவரும் ஒரே பதில் சொன்னார்கள். 'அன்னிய ஆடவன் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா? கூடாது!' விடிந்ததும் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள்!

மதம் வேறு, சாதி வேறு. பெண்ணின் உயிரை மலிவாக எண்ணுவதிலே மட்டும் என்ன ஒற்றுமை பார்த்தீர்களா?

ஐடா திரும்பிப் போனாள். மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்றாள். 1900இல் வேலூருக்கு வந்தாள். 1902இல் மருத்துவமனை எழுந்தது. அதோடு நின்றிருந்தால் அவர் நல்ல டாக்டர், அவ்வளவே. ஒரு டாக்டர் எத்தனை கதவுகளைத் தட்ட முடியும்? இந்த மண்ணின் பெண்களையே டாக்டர்களாக்கவேண்டும் என்று கண்டுகொண்டார். அதனால்தான் இன்றைக்கும் அவரைப் பேசுகிறோம். 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். பெண் பிள்ளைகளாவது, டாக்டராவது என்று எள்ளினர் பலர். முதல் அணி தேர்வெழுதிய 1922ஆம் ஆண்டிலே 14 பெண்களும் தேறினர். ஆண்களிலோ ஐவரில் ஒருவரே தேறினார் என்கிறது கல்லூரியின் வரலாறு. எள்ளியவர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டார்களோ!

1947இல் இந்தக் கல்லூரியின் இயக்குநர் நாற்காலியிலே அமர்ந்தவர் யார்? இன்னொரு வெள்ளைக்காரரா? இல்லை. விசாகப்பட்டினத்திலே பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற நம் நாட்டுப் பெண்மணி. கோல் கை மாறிற்று!

இன்னொருவரையும் சொல்லவேண்டும். கேரளத்திலே பிறந்து வேலூரிலே படித்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்விழந்தது. இனி என்ன, மூலையிலே உட்கார்ந்து செபமாலை உருட்டவேண்டியதுதான் என்றுதான் ஊர் நினைக்கும். டாக்டர் பால் பிராண்டு என்ற ஆங்கில அறுவை மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யப் பழக்கினார். பிறகு மேரி நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பரிதாபத்துக்குரியவளாய் முடிந்திருக்க வேண்டியவர், பல்லாயிரவர்க்கு வழிகாட்டியானார். அயல்நாட்டுத் தோழமை என்றால் இதுவல்லவோ தோழமை! மீனைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதல்ல, வலையைக் கொடுத்துப் படகையும் ஒப்படைப்பது.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்ல, பஜனைக் கோஷ்டி!

பசித்தவனிடம் சோற்றை நீட்டும்போதே வேதத்தையும் சேர்த்து நீட்டினால், அவன் சம்மதம் சுயமரியாதையோடு கொடுத்த சம்மதம் ஆகுமா? இந்தக் கேள்வியை மிஷன்காரர்கள் இன்றும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவேண்டும். அனைவரும் தேவனின் பிள்ளைகள் என்றவர்கள், வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கம் என்று சுவர் நிற்க இடங்கொடுத்தார்களே, அது அடுக்குமா? நம் பெண்களின் கண்ணீரைப் படமாக்கி, கடல் கடந்த ஊரிலே உண்டியல் குலுக்கும் அமைப்பு எதுவாயினும், பெறுகிறவளை என்றைக்கும் பெறுகிறவளாகவே வைத்திருந்தால், அது தொண்டு அல்ல, தோட்டக்காரன் மனப்பான்மை! பெயர் சிலுவையானாலும் சரி, சூலமானாலும் சரி, பிறையானாலும் சரி, நமது தராசு ஒன்றுதான்.

இந்தத் தராசிலே நம்மவர் எடையையும் பார்ப்போமா? மந்தைவெளியிலிருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவ்வை இல்லம். எமி கார்மைக்கேல் கதவைத் திறந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோ கதவையும் திறந்து சட்டத்தையும் உடைத்தார். அவருடைய அன்னையார் தேவதாசிக் குலம் என்று சொல்லப்பட்ட குடும்பத்திலே பிறந்தவர். 1927இல் சட்டமன்றத்திலே பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது தன் வீட்டையே திறந்தார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அந்தக் குலத்துக்குள்ளிருந்தே கிளம்பி, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதி, ஊர் ஊராகச் சென்று முழங்கினார். 1947இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது குற்றமாயிற்று.

ஆக, அயர்லாந்துக்காரி தொடங்கியதை அயர்லாந்துக்காரி முடிக்கவில்லை. முடித்தவர்கள் இந்த மண்ணின் மகளிர்! அயலார் தரக்கூடியது கூரையும் கூலியும். கோலை ஏந்தவேண்டியவள் இங்கே பிறந்தவள். டோனாவூர் இல்லத்தையும் இன்று இந்நாட்டவரே நடத்துகின்றனர். நல்ல மிஷனுக்கு அடையாளம் அதுதான். தான் வேண்டாத நாளை நோக்கி அது உழைக்கவேண்டும்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மகளிர்க்குச் சரிபாதி இடமென்று சட்டமானது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய். இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் அமைந்த திட்டமே இப்படி வளர்ந்தது. நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், தோழரே, மன்ற வாயிலிலே நடப்பதென்ன? நாற்காலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் மனைவி. பல ஊர்களிலே நாற்காலியில் உட்காருகிறவன் கணவன்! கையெழுத்து அவளுடையது, எழுத்து இவனுடையது. கூரையும் கூலியும் கொடுத்துவிட்டுக் கோலை மட்டும் கமுக்கமாய் நம் கக்கத்திலே இடுக்கிக்கொண்டால், நாம் பழிக்கும் பழைய மிராசுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? வேலூரிலே ஓர் அமெரிக்க மாது தொடங்கி வளர்த்த நிறுவனத்தின் நாற்காலி, ஆந்திரத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது. நம் கிளையிலே பொருளாளர் பொறுப்பையேனும் ஒரு பெண்தோழருக்குக் கொடுத்தோமா?

கேள்வி கேட்ட அச்சகத் தோழருக்கு என் பதில் இதுதான். நமக்கு இரண்டு நாக்கு இல்லை. அநீதி கோயில் பெயரால் வந்தாலும் கண்டிப்போம், நன்மை மாதாகோயில் வழியாக வந்தாலும் நன்றி சொல்வோம். நன்றி சொன்ன கையோடு, அந்த நன்மைக்கு இனி யாரும் கடல் கடந்து வரவேண்டாத நிலையை உண்டாக்குவோம்.

மந்தைவெளி என்ற பெயரே மாடுகள் மேய்ந்த வெளி என்பதைத்தான் சொல்கிறது. மந்தைக்குத்தான் மேய்ப்பன் வேண்டும். மக்களுக்கு வேண்டியது தோழன்!

நாளை இரவே உங்கள் தெருவில், அடிபட்ட பெண் ஒருத்தி உங்கள் கதவைத் தட்டலாம். எந்த ஊர், எந்தச் சாதி, யாருடைய வாக்கு என்று கேட்காதீர்கள். கதவைத் திறவுங்கள். வீட்டுப் பெண்களை அருகிலே இருக்கச் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். குழந்தையானால் 1098. அவள் உயிர் தப்பிவிட்டாள் என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. அவளுக்கு ஒரு தொழில் கிடைத்ததா என்று அடுத்த திங்கள் கேளுங்கள். அவள் பேச ஒரு மேடை கிடைத்ததா என்று அடுத்த ஆண்டு கேளுங்கள்.

திண்டிவனத்திலே மூன்று கதவுகள் மூடியிருந்ததால் மூன்று பெண்கள் மாண்டார்கள். நமது கதவு திறந்திருக்கட்டும்!