கேசட் படம் ஏன் நெளிகிறது தெரியுமா?

பழைய கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தீர்களா? மணமேடைத் தூண் நெளிகிறதா? கதவு நிலை வளைந்து வளைந்து ஆடுகிறதா? கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! பெரும்பாலும் படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. பிசகியிருப்பது நேரம்!

எவ்வளவு நேரம் தெரியுமா? நம் ஊர் ‘பால்’ முறை டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். ஆக விநாடிக்கு 15,625 கோடுகள்! ஒரு கோட்டுக்குக் கிடைப்பது வெறும் 64 மைக்ரோவிநாடி. அதில் ஒரே ஒரு மைக்ரோவிநாடி தாமதமானால் போதும், 20 அங்குல டிவியில் அந்தக் கோடு சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி விழும்! ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் அளவுக்குத் தள்ளி விழுந்தால் தூண் நெளியாமல் என்ன செய்யும்?

இனி கேசட்டை ஓட்டும் டெக்கைத் திறந்து பார்ப்போமா? உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை, சற்றே சாய்ந்தபடி விநாடிக்கு 25 முறை சுழல்கிறது. டேப் நகர்வதோ விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான்! ஆனால் உருளையில் இருக்கும், சிக்னலைப் படிக்கும் ஹெட் டேப்பை உரசும் வேகம் விநாடிக்கு 4.85 மீட்டர்! 3 மணி நேர கேசட்டில் இருக்கும் டேப் சுமார் 250 மீட்டர். அதன்மேல் ஹெட் ஓடி முடிக்கும் தூரம்? 52 கிலோமீட்டர்! சென்னையில் கிளம்பினால் மாமல்லபுரத்தை நெருங்கிவிடலாம்!

டேப்பில் ஒரு கோடு பிடிக்கும் நீளம் 0.3 மில்லிமீட்டர். டேப் துளி நீண்டாலும், இழுவிசை கொஞ்சம் மாறினாலும் கோடு பிசகும். இத்தனை வருஷம் கழித்தும் படம் இந்த அளவுக்கு நிற்கிறதே, அதுதான் அதிசயம்!

அப்போது டிவியில் இவ்வளவு ஆடவில்லையே என்கிறீர்களா? பழைய பிக்சர் டியூப் டிவி, கோடு தாமதமாக வந்தால் தானும் அதற்கேற்ப அனுசரித்துக்கொண்டது. டிஜிட்டலுக்கு மாற்றும் கருவி அப்படி வளைந்து கொடுக்காது!

மருந்து இருக்கிறதா? இருக்கிறது! பெயர் டைம் பேஸ் கரெக்டர். வந்த கோட்டை நினைவகத்தில் பிடித்து வைத்து, சரியான நொடித்துளியில் வெளியே விடும். டிஜிட்டல் முறையில் இது முதலில் வந்தது 1973-ல்! சில பழைய பானசோனிக் டிவிடி ரெக்கார்டர்களுக்கு உள்ளேயே இந்த வித்தை உண்டு தெரியுமா? டிஸ்க்கே போட வேண்டாம். டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சொருகினால் தூண் நிமிர்ந்துவிடும்! (பூஞ்சை பிடித்த டேப்பும் தேய்ந்த ஹெட்டும் வேறு கதை.)

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் சாஃப்ட்வேர் போதாதா? போதாது! அது முழுப் படத்தையும் சேர்த்து நகர்த்தும். இங்கே ஆடுவது கோடு கோடாக! அதனால் மாற்றும்போதே சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கேசட் முறையான வி.எச்.எஸ். பிறந்தது 1976-ல். ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது 2016 ஜூலையில். கதை முடிந்ததா? இல்லவே இல்லை! ஆர்வலர்கள் ‘வி.எச்.எஸ். டிகோட்’ என்று ஓர் இலவச சாஃப்ட்வேரே எழுதியிருக்கிறார்கள். ஹெட் எடுக்கும் சிக்னலை டெக் படமாக மாற்றும் முன்பே வாங்கி, விநாடிக்கு 4 கோடி முறை வரை அளந்து பதிவு செய்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்தையும் தேடிப் பிடித்து அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. 3 மணி நேர கேசட்டில் அப்படி எத்தனை கோடுகள் தெரியுமா? 16 கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம்!