வெங்காயம் யார் வீட்டுப் பிள்ளை?

கறிக்குத் தாளிக்கும் வெங்காயம், தலைக்குப் பூசும் கற்றாழை, இலைக்கஞ்சிக்குச் சேர்க்கும் சாத்தாவாரி, வேலியோரம் படரும் கார்த்திகைப்பூ. இந்த நான்கையும் உறவினர் என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தாவரவியல் நூல்கள் நீண்ட காலமாக இவற்றை லிலியேசியே என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருந்தன. இன்று இவை நான்கு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றுகூட லிலியேசியே அல்ல. தாவரங்கள் மாறவில்லை; அவற்றின் உறவை நாம் அறியும் வழிதான் மாறியது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லில்லி என்பதை நம்மில் பலர் அல்லி என்று மொழிபெயர்க்கிறோம். குளத்தில் பூக்கும் அல்லியும், எமது தேசிய மலரான நீலோற்பலமும் நிம்பியேசியே என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை ஒருவித்திலைத் தாவரங்கள்கூட அல்ல. உண்மையான லில்லி, நிலத்தில் குமிழிலிருந்து முளைக்கும் குளிர்நாட்டுச் செடி.

1753இல் லின்னேயஸ் தாவரங்களைக் கேசரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தார். ஆறு கேசரம் உள்ளவை எல்லாம் ஒரே வகுப்பு. லில்லியும் வெங்காயமும் அதில் சேர்ந்தன. ஆறு கேசரம் இருந்ததால் நெல்லும் அங்கேயே போய்ச் சேர்ந்தது! இது தேடி எடுக்க வசதியான முறை. உறவைக் காட்டும் முறையல்ல. 1789இல் பிரான்சின் ஜூசியூ, பல இயல்புகளை ஒன்றாகப் பார்த்துக் குடும்பங்களை அமைத்தார். லில்லிக் குடும்பம் அவ்வாறே உருவானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்தமும் ஹூக்கரும் எழுதிய நூல் அந்தக் குடும்பத்தை உறுதிப்படுத்தியது. ஆறு பூவுறைத் துண்டுகள், ஆறு கேசரங்கள், மூன்று அறை கொண்ட சூலகம், அந்தச் சூலகமும் பூவுறைக்கு மேலே இருக்க வேண்டும். இவை பொருந்தினால் லிலியேசியே. சூலகம் பூவுறைக்குக் கீழே இருந்தால் அது அமரிலிடேசியே. இந்த ஒரு வேறுபாட்டால் வெங்காயம் ஒரு பக்கமும், கடற்கரையோரம் வெள்ளையாகப் பூக்கும் விஷமூங்கில் மறுபக்கமும் நின்றன.

1934இல் ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேயர் இதற்கு மறுப்புத் தெரிவித்தார். வெங்காயப் பூந்தண்டைப் பாருங்கள். இலையில்லாத தண்டு, அதன் நுனியில் மெல்லிய உறை, உறை பிரிந்ததும் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பிகள் போல் விரியும் பூக்கள். விஷமூங்கிலிலும் இதே அமைப்புத்தான். சூலகத்தின் இடத்தைவிடப் பூந்துணரே முக்கியம் என்று கருதிய அவர், வெங்காயத்தை அமரிலிடேசியேவுக்கு மாற்றினார். பலர் அதை ஏற்கவில்லை. 1981இல் ஆதர் குரோன்குவிஸ்ட் அமரிலிடேசியேவையும் லிலியேசியேக்குள்ளேயே சேர்த்துக் குடும்பத்தை மேலும் பெருப்பித்தார். வேறெங்கும் பொருந்தாதவற்றைப் போட்டு வைக்கும் பெட்டியாக அது ஆகிவிட்டது.

நான்கு ஆண்டுகளின் பின், 1985இல், ரோல்ஃப் டால்கிரெனும் சகாக்களும் அந்தப் பெட்டியைப் பல குடும்பங்களாகப் பிரித்தனர். அவர்கள் கவனித்தவற்றுள் ஒன்று வித்துறை. வெங்காய விதை கருஞ்சீரகம் போல் கறுப்பாக இருக்கிறதல்லவா? வித்துறையில் உள்ள ஒரு கரும்பொருளே அதற்குக் காரணம். சாத்தாவாரியின் கூட்டத்திலும் அது உண்டு, லில்லியில் இல்லை. லில்லியின் தேன் பூவுறைத் துண்டுகளின் அடியில் சுரக்கும். மற்றைய கூட்டத்தில் பெரும்பாலும் சூலகச் சுவர்களில் சுரக்கும்.

பின்னர் டீ.என்.ஏ. சாட்சி சொல்ல வந்தது. 1993இல் ஏறத்தாழ 500 வித்துத் தாவரங்களின் பச்சையுருமணியில் உள்ள ஒரு பரம்பரையலகை ஒப்பிட்டு ஆய்வு வெளியானது. அந்த வழியில் நடந்த ஆய்வாளர் குழு 1998, 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் புதிய வகைப்படுத்தலை வெளியிட்டது. 2009இல் வெங்காயமும் வெள்ளைப்பூடும் அமரிலிடேசியேவுக்குள் சென்றன. ஹட்சின்சன் பூந்தண்டைப் பார்த்துச் சொன்னதை, 75 ஆண்டுகளின் பின் டீ.என்.ஏ. உறுதிப்படுத்தியது. கற்றாழை அஸ்போடெலேசியேவிலும் சாத்தாவாரி அஸ்பராகேசியேவிலும் உள்ளன. லில்லி, டியூலிப் முதலிய ஏறத்தாழ 15 சாதிகளே இன்று லிலியேசியேவில் எஞ்சியுள்ளன.

இதனால் நமக்கு என்ன பயன்? கார்த்திகைப்பூவைக் கேட்டால் தெரியும். அதன் கிழங்கில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. யூனானி மருத்துவர்கள் மூட்டு வலிக்குப் பயன்படுத்தி வந்த சுரஞ்சான், கொல்சிக்கம் என்ற சாதியைச் சேர்ந்தது. கொல்சிசின் 1820இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டதும் கொல்சிக்கத்திலிருந்துதான். கார்த்திகைப்பூ எமது காடுகளில் ஏறும் கொடி. கொல்சிக்கம் நிலத்தோடு ஒட்டிப் பூக்கும் சிறு செடி. தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. எனினும் இன்று இரண்டும் கொல்சிகேசியே என்ற ஒரே குடும்பம். உறவு சரியாகத் தெரிந்தால், ஒரு செடியில் கண்ட மருந்தையோ நஞ்சையோ அதன் உறவினரிடமும் தேடலாம், எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வெங்காயத்தையும் இந்த நஞ்சுக்கிழங்கையும் ஒரே பெயரின் கீழ் வைத்த பழைய குடும்பத்தால் இந்த உதவியைச் செய்ய முடியவில்லை.

நூலகத்திலுள்ள பழைய புத்தகம் வெங்காயத்தை லிலியேசியே என்று சொன்னால், அதைப் பிழை என்று வெட்டிவிட வேண்டாம். அது எந்த ஆண்டில், யாருடைய முறைப்படி எழுதப்பட்டது என்று பாருங்கள். குடும்பப் பெயர் எத்தனை முறை மாறினாலும், லின்னேயஸ் 1753இல் சூட்டிய அல்லியம் சீப்பா என்ற பெயரோடுதான் வெங்காயம் இன்றும் இருக்கிறது.