நேபு, தெகுமோ, கிடோலுனா

நேபு. தெகுமோ. கிடோலுனா. பாமுதேணிகோ. எந்த அகராதியிலும் இவற்றைத் தேட வேண்டாம். இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியவை. ஆனால் ஸ்பீச் தெரபிஸ்டுகள் ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து இப்படிப்பட்ட வெற்றுச் சொற்களைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். கொடுத்த ஃபீஸுக்கு இந்த விளையாட்டுதானா என்று பெற்றோருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. பிள்ளையை அவர்களிடம் அழைத்துப்போகும் காரணங்களில் திக்கல், மழலை, காது கேளாமை எல்லாம் வாசகர்கள் அறிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். காது கேட்கிறது, நாக்கு புரள்கிறது, விளையாட்டில் சுட்டி, ஆனால் மொழி மட்டும் வசப்பட மறுக்கிறது. மொழி வளர்ச்சிக் குறைபாடு எனப்படும் இந்த நிலைதான் இங்கே பேச்சு. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளிடம் கோர்ட்னி நார்பரி குழுவினர் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், வேறு காரணம் தெரியாத மொழிக் குறைபாடு நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல் இருந்தது. அந்தக் கணக்கில், முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். அவர்களில் பலருக்குக் கிடைக்கும் பெயர் ‘மந்தம்’ அல்லது ‘கவனமில்லை’.

மொழியை அளக்க வேண்டுமென்றால் எத்தனை சொல் தெரியும் என்று பார்ப்பதே யாருக்கும் முதலில் தோன்றும் வழி. நான்கு படங்களைக் காட்டி, சொன்னதைத் தொடச் சொல்லும் பீபாடி படச் சொற்சோதனை 1959 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இவ்வகைச் சோதனை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பிள்ளையோடு சேர்த்து வீட்டையும் அளந்துவிடுகிறது. கதைப்புத்தகமும் ஓயாத பேச்சும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் கூடும். வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்குக் குறையும். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அந்தத் தெருக்குழாயில் எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது. குடத்தில் ஓட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சிகிச்சையாளருக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடை. அமெரிக்காவில் தாமஸ் கேம்பல், கிறிஸ்டின் டோலஹன் ஆகியோரின் குழு 1997இல் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. ஏற்கெனவே கற்றதைக் கேட்கும் மொழிச் சோதனையில் சிறுபான்மை இனப் பிள்ளைகள் பெரும்பான்மையினரைவிடப் பின்தங்கினர். வெற்றுச் சொல்லைத் திருப்பிச் சொல்வது போன்ற பணிகளில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. யாருக்கும் தெரியாத சொல்லில் யாருக்கும் முன்கூட்டிய சலுகை கிடையாது.

அப்படியொரு சொல்லை உண்டாக்குவது லேசான வேலையும் அல்ல. டோலஹனும் கேம்பலும் 1998இல் வெளியிட்ட பட்டியலில் மொத்தம் 16 சொற்கள்தான். ஓரசை முதல் நான்கசை வரை, வகைக்கு நான்கு. உள்ளே எந்தத் துண்டும் தனி ஆங்கிலச் சொல்லாக இருக்கக் கூடாது. குழந்தைகளின் நாக்குக்குத் தாமதமாக வரும் ஒலிகளும் கூடாது. இல்லையென்றால் மழலைக்காக மதிப்பெண் போய்விடும். மேலே நான் இட்டுக்கட்டிய சொற்களில் ர, ற, ழ மூன்றும் இல்லாததற்கு அதுவே காரணம். சோதனையின் சூட்சுமம் நீளத்தில் இருக்கிறது. ஓரசை, ஈரசைச் சொற்களைக் குறைபாடுள்ள பிள்ளையும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே சொல்லிவிடும். மூன்று, நான்கு என்று நீளும்போதுதான் இடைவெளி விரிகிறது. இதைவிட என்னை ஈர்ப்பது டோரதி பிஷப் குழுவினர் 1996இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு. சிறுவயது மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோன்றிய பிள்ளைகளும் வெற்றுச் சொற்களில் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தில் மரபுவழிப் பங்கும் வலுவாகத் தெரிந்தது. வாய் பேசப் பழகிவிட்டது. அடியில் இருந்த பலவீனம் போகவில்லை.

இது மொழியைச் சோதிக்கவில்லை, ஞாபகசக்தியைத்தான் சோதிக்கிறது என்று மறுப்பவர்கள் உண்டு. மறுப்பில் பாதி உண்மை. ஆனால் ஒரு குழந்தை முதன்முறை கேட்கும்போது ‘வெண்டைக்காய்’ என்பதும் பாமுதேணிகோ போன்ற வெற்றொலிதான். அந்த ஒலிச்சரத்தைக் குலையாமல் ஒரு கணம் பிடித்து வைத்தால்தான் அதில் பொருளை ஒட்ட முடியும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வெற்றுச் சொல்லும் ஏதோ ஒரு மொழியின் ஒலியமைப்பில்தானே பிறக்கிறது? ஆம். ஆங்கில மெய்ம்மயக்கங்கள் நிறைந்த பட்டியலைத் தமிழ்ப் பிள்ளையிடம் நீட்டுவது அநியாயம். 2009 முதல் 2013 வரை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி நடத்திய இருமொழிக் குழந்தைகளுக்கான திட்டத்தில், பல மொழிகளுக்கும் பொதுவான ஒலிகளைக் கொண்டே வெற்றுச் சொற்களை வடிவமைத்ததற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம்.

நமக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலச் சோதனையைத் தமிழில் பெயர்த்துவிட்டால் தமிழ்ச் சோதனை ஆகிவிடாது. வினைச்சொல்லின் முடிவில் ஒட்டும் சிறு ஒலியை விட்டுவிடுவது ஆங்கிலப் பிள்ளையிடம் முக்கிய அடையாளம். தமிழில் பாரம் வேற்றுமை உருபிலும், ஆண்பால் பெண்பால் காட்டும் வினைமுற்றிலும் விழுகிறது. ‘அம்மாவுக்கு’ என்பதற்கும் ‘அம்மாவை’ என்பதற்கும் இடையே பிள்ளை ஐந்து வயதில் தடுமாறுகிறதா என்று பார்க்காத சோதனை எதைப் பார்க்கிறது? வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் அளந்து குறைபாடு என்று எழுதுவது சோதனையே அல்ல. உண்மையான குறைபாடு பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் தலைகாட்டும்; ஒன்றில் மட்டும் என்றால் அந்த மொழி போதிய அளவு காதில் விழவில்லை என்று பொருள். இரண்டு மொழி கேட்பதால் குறைபாடு வருவதில்லை. ஆனாலும் வீட்டில் தாய்மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. அரைகுறை ஆங்கிலத்தில் பாட்டி பேசி எந்தக் குழந்தையின் மொழி வளரும்?

‘அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்’ என்ற சமாதானமும் ஒரு வாதம்தான். இரண்டு வயதில் சொற்கள் குறைவாக உள்ள பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவது உண்மை. ஆனால் யார் எட்டிப் பிடிப்பார் என்று அந்த வயதில் உறுதியாகச் சொல்ல வழியில்லை. காதுச் சோதனையை மட்டுமாவது தள்ளிப்போட நியாயமே கிடையாது. இந்திய அரசின் பிள்ளைகள் நலத் திட்டத்தில், 2013 முதல், கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் மொழித் தாமதமும் இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அந்தப் பட்டியலில் உள்ளவற்றைக் கவனிக்கவே உள்ளவை. நான்கைந்து வயதிலும் நீடிக்கும் சிக்கல் தானாகக் கரைவது அரிது.

வெற்றுச் சொல் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதும் சிகிச்சையாளரையும் நம்ப வேண்டியதில்லை. நல்லவர்கள் பெற்றோரிடம் நெடுநேரம் பேசுகிறார்கள். விளையாடும்போது பிள்ளை சொன்ன ஐம்பது நூறு வாக்கியங்களைப் பதிவுசெய்து பிரித்துப் பார்க்கிறார்கள். படங்களைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்கிறார்கள். எலிசபெத் பெண்யா குழுவினர் 2001இல் காட்டிய முறை இன்னும் ஒரு படி போகிறது: முதலில் சோதி, பிறகு கொஞ்சம் கற்றுக்கொடு, மறுபடி சோதி. பழக்கமில்லாததால் பின்தங்கிய பிள்ளை சட்டென்று முன்னேறும். குறைபாடுள்ள பிள்ளைக்குக் கூடுதல் கைப்பிடிப்பு வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும் முறைதான், நெரிசலான மருத்துவமனையில் எளிதல்ல. ஆனால் கற்றுக்கொடுத்தபோது படம் உதவியதா, சைகை உதவியதா, எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்று எழுதிவைத்த குறிப்பிலிருந்தே மறுவாரச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.