புலம்பெயர்ந்தோர் மனச்சோர்வும் கூட்டுத் தளர்வுப் பயிற்சியும்

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோரைப் பற்றும் துயரம் புதியதொன்றன்று. 1688ஆம் ஆண்டிலே, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற யொகானஸ் ஹோபர் என்பார் இதைப்பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். வீட்டைப் பிரிந்தோர் ஊணும் உறக்கமும் இழந்து மெலிவதைக் கண்டு, அதனை ஒரு நோயெனவே கொண்டு பெயரிட்டார். அந்நோய்க்கு அவர் கண்ட தலையாய மருந்து ஊர் திரும்புதலே. போரினால் ஊரிழந்து, திரும்பும் வழியும் அடைபட்டவர்க்கு அம்மருந்து கிட்டுவது எங்ஙனம்?

ஊரை நினைந்து வருந்துதல் வேறு. மனச்சோர்வு என்னும் நோய் வேறு. முன்னையது வந்து போவது. பின்னையதோ இரு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பொழுது மனத்தை அழுத்தி நிற்பது. எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, தன்னைத்தானே பயனற்றவராக எண்ணுதல் ஆகியன அதன் குறிகள். புலம்பெயர்ந்தோர் பலர் இதனை மனநோயென்று சொல்ல நாணுவர். தலைவலி, நெஞ்சு அழுத்தம், உடல் அசதி என்றே வைத்தியரிடம் முறையிடுவர். சொல்லவோ மொழியும் துணை நிற்பதில்லை. ஆதலின், அதிகம் பேச வேண்டாத, உடலிலிருந்தே தொடங்கும் பயிற்சிகள் இவர்க்கு ஏற்ற வாயிலாக அமைகின்றன.

இத்தகைய பயிற்சிகளுள் முதன்மையானது, ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகர வைத்தியர் எட்மண்ட் யாக்கோப்சன் வகுத்த தசைத் தளர்வு முறையாகும். 1929இல் அதனை அவர் நூலாக வெளியிட்டார். கைவிரல்களை இறுக மூடிச் சில நொடி நிறுத்துதல். பின் மெல்ல விடுதல். இறுக்கத்திற்கும் தளர்வுக்குமுள்ள வேற்றுமையை உற்றுணர்தல். இவ்வாறே தோள், முகம், வயிறு, கால் என ஒவ்வோர் உறுப்பாகச் செய்வர். இறுக்கம் எங்கே ஒளிந்துள்ளது என்று அறிந்தவரே அதனை விடவும் கற்பர் என்பது இம்முறையின் கருத்து.

பலரை ஒருங்கே இருத்திப் பயிற்றுவதற்கு அண்மைக் காலச் சான்று உகண்டாவில் உண்டு. 2013இல் மூண்ட போரினால் தென் சூடானிலிருந்து பெருந்தொகையான மக்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். ரைனோ முகாம் குடியிருப்பில் 694 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வின் பெறுபேறு 2020இல் வெளியாயிற்று. உலக சுகாதார தாபனம் ஆக்கிய பாடநெறியொன்றே அங்கு ஆராயப்பெற்றது. அது தளர்வுப் பயிற்சி மாத்திரமன்று. துன்ப எண்ணங்களோடு மல்லாடாமல் அவற்றுக்கு இடங்கொடுத்து, தமக்கு இன்றியமையாதனவற்றைச் செய்து வாழவும் கற்பிப்பது. எனினும் அதன் அடிப்படை, பாதங்களை நிலத்தில் மெல்ல அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, சுற்றுமுற்றுமுள்ள ஒலிகளையும் பொருள்களையும் கவனிக்கும் எளிய பயிற்சியே. ஐந்து அமர்வுகள், ஓர் அமர்வில் முப்பது பேர் வரை கூடலாம். பாடத்தைச் சொல்வது அவர்தம் பேச்சுமொழியாகிய யூபா அரபியில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட குரல். அருகிருந்து நடத்துவோர் குறுகிய காலம் பயிற்றப்பட்டவர்களே, உளவைத்தியர்கள் அல்லர். மூன்று திங்கள் சென்றபின், அப்பயிற்சி பெற்ற பெண்களிடம் மனவேதனை கூடுதலாகக் குறைந்திருந்தது.

கூட்டத்தினால் விளையும் நன்மை யாது? உளவைத்தியர் அரிதான இடத்தில் ஒருவரே பலர்க்குப் பயிற்சியளிக்க இயலும் என்பது ஒன்று. தனிமையே நோயை வளர்க்கும் இடத்தில், கிழமைதோறும் ஒரே வேளையில் ஒரே பாயில் கூடியிருத்தல்தானே துணையாதல் மற்றொன்று. தம் கதையை வாய்விட்டுச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்துவதுமில்லை.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். மனச்சோர்வுக்கான தளர்வுப் பயிற்சிகளைப்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடொன்று, எதுவும் செய்யாதிருப்பதினும் இவை நன்மை தருவன என்றும், முறையான உளச்சிகிச்சைக்கு ஈடாகா என்றும் கண்டது. கொடுமைகளைக் கண்டு வந்தோர் சிலர்க்குக் கண்ணை மூடியவுடன் பழைய அச்சம் மேலெழும்; அவர்கள் கண்களைத் திறந்தபடியே பயிலலாம்; வேண்டாவிடில் நிறுத்தலாம். உயிரை விடும் எண்ணம் தோன்றியவரைப் பயிற்சிக்கூடத்தில் வைத்திராது, உடனே வைத்தியரிடம் சேர்ப்பித்தல் கடன். தொழிலும், தங்குமிடமும், குடியுரிமைப் பத்திரமும் இல்லாதார் துயரை மூச்சுப்பயிற்சியால் மட்டும் தீர்த்துவிடல் இயலாது. ஆயினும், அவற்றுக்காக நாள்தோறும் அலைந்து முயல்வதற்கு உறக்கமும் தெம்பும் வேண்டுமன்றோ? அவற்றை மீட்டுத் தருவதே இப்பயிற்சியின் பணி.