விஷத் தண்ணீரைத் திருத்தும் கிருமிகள்

பாக்டீரியா என்றாலே காய்ச்சல், பேதிதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். ஆனா பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். அதை விடப் பெரிய வேலையும் அதுக்குத் தெரியும்.

ராணிப்பேட்டையில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' என்று ஒரு தொழிற்சாலை இருந்தது. தோல் பதனிடும் குரோமிய உப்பு அங்கே தயாரானது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள். ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அங்கேயே குன்று மாதிரி கிடந்தது. மழை பெய்யப் பெய்ய குரோமியம் கரைந்து பூமிக்குள் இறங்கி, நிலத்தடி நீர் மஞ்சளாகிவிட்டது. 1 லிட்டர் குடிநீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. ஊற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடிக்கும் நமக்கு, கிணறு இருந்தும் குடிக்க முடியாத கஷ்டம் லேசில் புரியாது.

இணைதிறன் பாடம் நினைவிருக்கிறதா? இணைதிறன் 6 உள்ள குரோமியம் தண்ணீரில் சுலபமாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். இணைதிறன் 3 உள்ளது அவ்வளவாகக் கரையாது, நச்சும் ரொம்பக் குறைவு. சில பாக்டீரியாக்கள் தங்கள் உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களில் மூன்றைக் குரோமியத்துக்குக் கொடுத்துவிடும். உடனே 6 என்பது 3 ஆகிவிடும்! அப்புறம் அது தண்ணீரோடு ஓடாமல் மண்ணிலேயே படிந்துவிடும். கிருமி விஷத்தைத் தின்றுவிடுகிறது என்று சிலர் சொல்வது சரியில்லை. குரோமியம் ஒரு தனிமம், அதை யாராலும் தின்று தீர்க்க முடியாது.

சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் இந்தப் பாக்டீரியாவைத் தேடி வெளிநாடு போகவில்லை. ராணிப்பேட்டைக் கழிவு மண்ணிலேயே பிழைத்துக் கிடந்ததைப் பிரித்து வளர்த்தார்கள். அதுக்குச் சாப்பாடு மொலாசஸ். அதாவது சர்க்கரை ஆலையில் கடைசியில் மிஞ்சும் கறுப்புப் பாகு. (நம்ம மாவட்டத்தில் மோகனூர் ஆலை இருக்கிறதே, அந்த மாதிரி ஆலையில் கிடைப்பது.) ஆய்வகத்தில் 20 நாளில் மண்ணிலிருந்த இணைதிறன் 6 குரோமியம் முழுவதும் மாறியது என்று 2005-ல் எழுதினார்கள். பிறகு, நிலத்தடி நீர் போகிற வழியில் பாக்டீரியாவால் ஒரு தடுப்பு அமைத்து, சிறிய அளவில் சோதித்து 2011-ல் எழுதினார்கள். நீர் தடுப்பைத் தாண்டிப் போகலாம், விஷம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனா ஒரு சங்கடம். மேலே குவியல் கிடக்கிற வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் புது விஷம் இறங்கும். அதனால் முதலில் கழிவை அள்ளிப் பாதுகாப்பாக மூட வேண்டும். அது வரைக்கும் பாகு ஊற்றிக்கொண்டே இருக்கணும். நிறுத்தினால் பாக்டீரியா பட்டினி, வேலையும் நின்றுவிடும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, குண்டூர் நாடு